மாறுவேட இளவரசனும் கடிதம் எழுதிய ஜனங்களும்

ஒரு நாவல் முற்றுப்பெற்றுப் புத்தகமாகக் கட்டப்பட்டு நம் கைக்கு வருமாயின், அதனை நாம் புகழலாம், இகழலாம், மூடி வைத்துவிடவும் செய்யலாம். ஆனால் அதில் ஓர் எழுத்தையேனும் மாற்ற நம்மால் இயலாது. தொடர்கதையின் நிலைமை அவ்வாறன்று. இவ்வாரப் பகுதியை நாம் படித்து முடிக்கும் வேளையில் அடுத்த வாரப் பகுதி ஆசிரியரின் மேஜைமீது வெறுந்தாளாகவே கிடக்கின்றது. அந்தத் தாளில் இன்னது எழுதப்பட வேண்டும், இன்னது எழுதப்படலாகாது என்று சொல்ல வாசகனுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அவ்வாய்ப்பை ஜனங்கள் பெருந்திரளாகப் பயன்படுத்தியதும், அதனால் கதையும் கதாசிரியனும் ஒருங்கே மாறியதும், இறுதியில் ஒரு சர்க்காரே அஞ்சித் தொடர்கதைக்கு வரி விதித்ததுமான ஒரு வரலாறு பிரஞ்சு தேசத்தில் நடந்துள்ளது. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

கதையின் பெயர் 'பாரிஸ் நகரத்து மர்மங்கள்'. எழுதியவர் யூஜின் சூ. 1842-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் நாள் தொடங்கி, 1843 அக்டோபர் 15 வரை, இடையிடையே சில இடைவெளிகளுடன், 'ஜூர்னால் தே டேபா' என்னும் தினசரியின் முதற்பக்கத்து அடிப்பகுதியில் அது வெளிவந்தது.

முதலில் பத்திரிகைகளின் வியாபார நிலையைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். 1836-க்கு முன் பாரிஸ் தினசரி ஒன்றின் வருஷச் சந்தா 80 பிராங்கு. நாளொன்றுக்குச் சுமார் 4 பிராங்கு கூலி பெற்ற ஒரு தேர்ந்த தொழிலாளி, மூன்று வாரத்துக்கு மேல் உழைத்த கூலி முழுவதையும் கொட்டிக்கொடுத்தாலன்றி ஒரு பத்திரிகை வாங்க முடியாது. 1836 ஜூலை முதல் தேதியன்று எமில் தெ ஜிரார்டின் என்பவர் 'லா பிரெஸ்' என்னும் பத்திரிகையைப் பாதி விலைக்கு, அதாவது 40 பிராங்குக்கு வெளியிட்டார். நஷ்டத்தை விளம்பரக் கட்டணத்தால் ஈடு செய்வது அவருடைய கணக்கு. விளம்பரம் வர வேண்டுமானால் வாசகர் தொகை பெருக வேண்டும். வாசகர் தொகை பெருக வேண்டுமானால் இன்று படித்தவன் நாளையும் படிக்க ஏங்க வேண்டும். அந்த ஏக்கத்தை உண்டாக்க வந்ததே தினசரித் தொடர்கதை. இலக்கியத்தின் மீது கொண்ட காதலால் இவ்வழக்கம் பிறந்தது என்று எவரும் மயங்க வேண்டுவதில்லை. கணக்குப் புத்தகத்தில் பிறந்த குழந்தை அது. ஆயினும் பிறந்த இடத்தைக் கொண்டு குழந்தையை இகழ்வது பகுத்தறிவாளர்க்கு அழகன்றாதலின், அது வளர்ந்த விதத்தைக் காண்போம்.

யூஜின் சூ ஏழைகளுக்காகப் பேனா பிடிக்கப் பிறந்தவர் போலத் தோன்றியவரல்லர். 1804-இல் பாரிஸில் புகழ்வாய்ந்த ஒரு வைத்தியர் குடும்பத்தில் பிறந்தார். தாமும் கடற்படையில் வைத்தியராகப் பணிபுரிந்து, 1827-இல் நடந்த நவரினோ கடற்போரை நேரில் கண்டார். பின்னர்க் கடற்கதைகள் எழுதினார். தந்தை விட்டுச் சென்ற பெருஞ்செல்வத்தை உல்லாசத்திலும் ஆடம்பரத்திலும் கரைத்தார். குதிரைப் பந்தயப் பிரபுக்களின் ஜாக்கி கிளப்பில் அங்கத்தினராகவும் விளங்கினார். 1841-இல் பெலிக்ஸ் பியா என்னும் நாடகாசிரியர் இவரை ஒரு தொழிலாளியின் வீட்டு விருந்துக்கு அழைத்துச் சென்றாரென்றும், அத்தொழிலாளி அரசியலையும் பொருளாதாரத்தையும் தெளிவுறப் பேசியதைக் கேட்டு வியந்து, அன்றிரவே தாம் ஒரு சமதர்மவாதி என்று சூ முழங்கினாரென்றும் பியா பிற்காலத்தில் எழுதி வைத்தார். ஒரு வேளை உணவில் ஒருவன் கொள்கை மாறிவிட்டான் என்பதை நாம் அவ்வளவு எளிதில் நம்புவதற்கில்லை. கதை தொடங்கிய காலத்தில் சூவின் நோக்கம் சீர்திருத்தமன்று. விறுவிறுப்பே என்பதற்குக் கதையின் முற்பகுதியே சான்று. அவரை மாற்றியது விருந்தன்று, தபால்காரன் கொண்டுவந்த கட்டுகளே என்பது நம் துணிபு.

கதையைச் சுருக்கிச் சொல்வோம். 1838-ஆம் ஆண்டில், செயின் நதியின் நடுவேயுள்ள சித்தே என்னும் தீவில், மாதா கோயிலுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே நெளிந்து கிடந்த இருண்ட சந்துகளில் கதை ஆரம்பமாகிறது. அங்கே 'வெள்ளை முயல்' என்று பெயர் கொண்ட ஒரு கீழ்த்தரச் சாராயக்கடை. கொலைக்குற்றத்திற்குத் தண்டனை அனுபவித்து மீண்டவனும், திருடனும், தெருப்பெண்ணும் கூடுமிடம் அது. அவ்விடத்துக்குத் தொழிலாளி வேடம் பூண்டு ஒருவன் வருகிறான். அவன் யார்? ஜெரோல்ஸ்டீன் என்னும் கற்பனை நாட்டின் அரசனான ருடால்ப். முஷ்டியுத்தத்தில் வல்லவன்; திருடர்களின் குழூஉக்குறிப் பேச்சை அறிந்தவன்; கணக்கற்ற பொன்னுடையவன். நல்லவர்க்குப் பரிசும் தீயவர்க்குத் தண்டனையும் தன் கையாலேயே வழங்குவதற்காக நகரத்தின் பாதாளத்தில் இரவு தோறும் உலவுகிறான். மந்திரியோடு மாறுவேடம் பூண்டு நகர்வலம் வரும் அரசர்களை நம் பாட்டிமார் கதைகளில் நாம் அறிவோம். பாக்தாத்து கலீபாவின் கதைகளையும் அறிவோம். அதே அற்புதக் கதை புகைபோக்கிகளும் அடகுக்கடைகளும் நிறைந்த ஒரு புதிய நகரத்திற்குள் குடியேறிவிட்டது என்றறிக. பூதமும் மந்திரக்கோலும் இல்லை. அவற்றின் தொழிலை ருடால்பின் பணப்பை செய்கிறது.

சாராயக்கடையில் அவன் சந்திக்கும் பதினாறு பதினேழு வயதுப் பெண்ணின் பெயர் மாரியின் மலர் என்று பொருள்படுவது. அனாதை, குழந்தைப் பருவத்தில் 'ஆந்தை' என்னும் பட்டப்பெயருடைய கிழவியிடம் அகப்பட்டு வதைபட்டவள், பசியினால் இழிதொழிலில் தள்ளப்பட்டவள், எனினும் உள்ளம் களங்கமற்றவள். இன்னும், மேல்மாடிப் பரணில் குளிரிலும் பசியிலும் வாடும் மோரெல் என்னும் இரத்தினக்கல் பட்டை தீட்டும் தொழிலாளி. பிறர்க்குரிய வைரங்கள் மேஜைமீது மின்ன, தன் குழந்தை பக்கத்தில் சாகக் காணும் தந்தை அவன். அவன் மகள் லூயிஸ், தான் வேலை செய்யும் வீட்டு எஜமானனாகிய ஜாக் பெர்ரான் என்னும் பத்திரப்பதிவு வக்கீலால் கெடுக்கப்பட்டு, பின் குழந்தையைக் கொன்றவள் என்று சிறைக்கு இழுக்கப்படுகிறாள். அந்த வக்கீலோ ஊரார் போற்றும் பக்திமான்! வாசல் காவற்காரனாகிய பிப்பெலே என்னும் நகைச்சுவைப் பாத்திரமும் உண்டு. அவன் பெயர் பிரஞ்சு மொழியில் வாசல் காவலர் எல்லார்க்கும் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. ஒரு கதாபாத்திரத்தின் பெயர் அகராதியில் இடம் பெறுவதைக் காட்டிலும் வாசகர் அளிக்கத்தக்க பெரிய சான்றிதழ் வேறென்ன?

இக்கதை உண்டாக்கிய பரபரப்பைப் பற்றிப் பல செய்திகள் வழங்குகின்றன. மந்திரிகள் முதல் வாசல் காவலர் வரை அனைவரும் அதே பகுதியை அதே காலையில் படித்தனர். நோயாளிகள் கதையின் முடிவைக் காணும்பொருட்டுச் சாவை ஒத்திவைத்தார்கள் என்று தியோபில் கோத்தியே என்னும் கவிஞர் கேலி செய்தார். தேசியக் காவற்படையில் முறைக்காவலுக்குச் செல்லாத குற்றத்திற்காகச் சூவைச் சிறிது காலம் அடைத்து வைத்தபோது அவர் எழுத மறுத்துவிட்டாரென்றும், கதை வாராததைப் பொறாத யுத்த மந்திரி சூல்ட் அவரை விடுவித்தாரென்றும் ஒரு கதையுண்டு. இஃது எவ்வளவு உண்மையோ, நம்பத்தக்கதாக ஜனங்கள் கருதினார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. சந்தா கட்ட இயலாதவர்கள் வாசக சாலைகளில் வாடகை கொடுத்துப் படித்தார்கள். எழுத்தறியாதவர்கள் பிறர் உரக்கப் படிக்கக் கேட்டார்கள். நம் தோட்டங்களில் ஒருவர் பத்திரிகையை விரித்து வாசிக்க, பத்துப் பேர் சுற்றிக் குந்தியிருந்து கேட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இனி, கடிதங்களுக்கு வருவோம். சூவுக்கு வந்த கடிதங்களில் ஏறக்குறைய 400 இன்றும் எஞ்சியுள்ளன. பெரும்பாலானவை பாரிஸ் நகர வரலாற்று நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு, 1998-இல் அச்சிலும் வந்துவிட்டன. பிரபு குலப் பெண்கள், வக்கீல்கள், வைத்தியர்கள், பாதிரிமார், கைத்தொழிலாளர், வேலையற்றோர், தம் பெயரை வெளியிட அஞ்சியோர் எனப் பலதரப்பட்டோர் எழுதினர். இதற்குமுன் ஏழையின் அபிப்பிராயத்தை எவனும் கேட்டதுமில்லை. கேட்டிருந்தாலும் எழுதி வைத்ததில்லை. ஒரு விறுவிறுப்பான கதையின் பேரால், ஒரு நகரத்து ஜனங்கள் தாமே பேனாவெடுத்துத் தம் நிலைமையை எழுதி வைத்துச் சென்றனர் என்பதே இக்கடிதங்களின் பெருமை.

அவற்றை ஒருவாறு வகைப்படுத்தலாம். வெறும் புகழ்மாலைகள் ஒரு பகுதி; அவற்றை விட்டுவிடுவோம். எந்த நாட்டிலும் எக்காலத்திலும் அவை ஒரே அச்சில் வார்த்தவை. மாரியின் மலருக்கு இனி என்ன நேரும், அவளைக் கைவிட்டுவிடாதீர் என்று கவலைப்பட்டு எழுதியோர் ஒருசாரார். சட்டத்திலும் சிறை நிர்வாகத்திலும் உள்ள ஊழல்களைத் தொழில்முறையில் அறிந்தவர்கள், நீர் எழுதியது மெய்யே, இன்னும் இதனையும் சேர்த்துக்கொள்ளும் என்று விவரங்களை எழுதி அனுப்பினர். தம் வாழ்க்கை வரலாற்றையே எழுதி, நானும் உமது மோரெலைப் போன்றவனே என்று கூறினோர் பலர். அவர்களில் பெண்களும் உளர்.

ஏனையோர் உதவி கேட்டோர். வாடகை கொடுக்க வழியில்லை, குழந்தைக்கு நோய், வேலை போயிற்று, எனக்கு ஓர் உத்தியோகம் வாங்கிக் கொடும் என்று ஆசிரியரை வேண்டினர். சிலர் ஆசிரியரை விட்டுவிட்டு, ருடால்ப் இளவரசனுக்கே விண்ணப்பம் எழுதினர் என்றும் கூறுவர். தாளில் பிறந்த அரசனிடம் பசியால் வாடும் மனிதன் கை நீட்டினான்! படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாட்டில் உண்மையாகவே ஆண்டுகொண்டிருந்த லூயி பிலிப் மன்னனுக்கு எழுதினால் பயனில்லை என்பதை அனுபவத்தால் அறிந்தவன், கற்பனை அரசனுக்கு எழுதிப் பார்த்ததில் அறியாமையைக் காட்டிலும் அனுபவமே மிகுதி. அன்றியும், பணக்கார வாசகர் சிலர் கதையைப் படித்து மனமிரங்கி, ஏழைகளுக்குக் கொடுக்குமாறு சூவினிடம் பொருளனுப்பினர். ஆக, கேட்பவன் கடிதமும் கொடுப்பவன் கடிதமும் ஒரே மேஜையில் வந்து சேர, நாவலாசிரியன் தர்மகர்த்தாவாகவும் ஆகிவிட்டான்.

இக்கடிதங்கள் வந்து குவியக் குவியக் கதையின் போக்கும் மாறலாயிற்று. முற்பகுதியில் கத்திக்குத்தும் கடத்தலும் துரத்தலும் மலிந்திருக்க, பிற்பகுதியில் ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு வாசகரை நேரே விளித்துப் பேசத் தொடங்குகிறார். ஏழைக்கு வழக்காடப் பொருளில்லையெனில் சட்டத்தின் முன் சமத்துவம் என்பது எவ்வாறு பொருந்தும்? முதற்குற்றம் செய்த இளைஞனைப் பழந்திருடர் கூட்டத்தோடு ஒரே கொட்டடியில் அடைப்பது திருத்துவதா, கெடுப்பதா? அடகு நிலையத்தில் வறியவனிடமே மிகுந்த வட்டி வாங்குவது என்ன நீதி? வேலையில்லாக் காலத்தில் தொழிலாளிக்கு வட்டியின்றிக் கடன் கொடுக்க ஒரு வங்கி இருத்தலாகாதா? இவற்றையெல்லாம் கேட்டு, 'லா ருஷ் பாப்புலேர்' என்னும் தொழிலாளரே நடத்திய பத்திரிகையையும் கதைக்குள்ளேயே பெயர் சொல்லிப் பாராட்டினார். கதையின் சுவை இதனால் கெட்டது என்று ரசிகர்கள் முணுமுணுத்தனர். உண்மையில் கெட்டதுதான். நீண்ட பிரசங்கங்கள் நடுவே வந்து குறுக்கிடும் இடங்களில் நமக்கே கொட்டாவி வருகின்றது. ஆயினும், இத்தகைய கேள்விகள், சர்க்காருக்கு வேண்டிய ஒரு பத்திரிகையின் முதற்பக்கத்திலேயே அச்சேறின. 'ஜூர்னால் தே டேபா' மன்னராட்சியை ஆதரித்த செல்வர் பத்திரிகை என்பதை நினைவிற் கொள்க. மேலே பத்திகளில் மந்திரிகளின் பெருமை. கோட்டுக்குக் கீழே மோரெலின் பட்டினி! பத்திரிகை முதலாளிகளுக்குச் சந்தாத் தொகை உயர்ந்ததால் கோட்டுக்குக் கீழ் உள்ளதைப் பொறுத்துக்கொண்டனர். ஏழைகளுக்குச் சட்ட உதவி அளிக்கும் சட்டம் பிரான்சில் 1851 ஜனவரியில்தான் நிறைவேறிற்று.

எதிர்ப்பும் எழாமலில்லை. 1843-இல் சாப்வி மோன்லாவில் என்னும் பிரதிநிதி சட்டசபையிலேயே எழுந்து, தொடர்கதைகள் ஜனங்களின் ஒழுக்கத்தைக் குலைக்கின்றன என்று முறையிட்டார். விமர்சகர் செயின்ட் பேவ் அதற்கு நான்காண்டுகட்கு முன்பே இவ்வகை எழுத்தைத் தொழிற்சாலை இலக்கியம் என்று இகழ்ந்திருந்தார். இவர்கள் கூறியது ஒருவாறு எதிர்பார்க்கத் தக்கதே. கோட்டுக்குக் கீழே ஏழை வரலாகாது. வந்தால் ஒழுக்கம் கெட்டுவிடும்! பரணில் குழந்தை பட்டினியால் சாவதனால் ஒழுக்கம் கெடுவதில்லை போலும்.

ஆனால் இடப்புறத்திலிருந்து வந்த கண்டனம் ஒன்றுளது, அஃது ஆழமானது. கார்ல் மார்க்ஸ், எங்கெல்ஸ் இருவரும் 1845-இல் வெளியிட்ட 'புனிதக் குடும்பம்' என்னும் நூலில் மார்க்ஸ் இந்நாவலைப் பல பக்கங்களில் அலசி ஆராய்ந்தார். பெர்லினில் ஓர் எழுத்தாளர் இக்கதையை வானளாவப் புகழ்ந்து தத்துவ விளக்கம் எழுதியதே அதற்குக் காரணம். ருடால்ப் செய்வதெல்லாம் பணக்காரன் தன் சலிப்பைப் போக்கிக்கொள்ளும் தர்ம விளையாட்டேயன்றி வேறன்று என்பதும், அவன் கைபட்ட மனிதரெல்லாம் தம் உயிர்த்துடிப்பை இழந்து நீதிபோதனைப் பொம்மைகளாக ஆகிவிடுகின்றனர் என்பதும் அவர் வாதம். மாரியின் மலரையே அவர் தலையாய உதாரணமாகக் காட்டுகிறார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று பேச விரும்புகின்றோம். சாராயக்கடையில் நாம் முதன்முதற் காணும் மாரியின் மலர் சிரிக்கத் தெரிந்தவள். தன்மேல் கை ஓங்கியவனை எதிர்த்து நிற்கத் தெரிந்தவள். பூக்களையும் வயல்வெளியையும் கண்டு குதூகலிப்பவள். தான் பாவம் செய்ததாக அவள் நினைப்பதேயில்லை. தனக்குத் துன்பம் நேர்ந்ததாகவே நினைக்கிறாள். ருடால்ப் அவளை மீட்டு ஒரு பண்ணையில் சேர்க்கிறான். அங்கே ஒரு நல்ல பாதிரியார் அவளுக்கு உபதேசம் செய்கிறார். உபதேசம் செய்யச் செய்ய அவள் தலை குனிகின்றது. நான் பாவி என்று அழத் தொடங்குகிறாள். அவள் ருடால்பின் காணாமற்போன மகளே என்பது வெளிப்பட்டு, அரண்மனைக்குச் சென்று இளவரசியாகி, தன்னை நேசிக்கும் இளவரசன் ஒருவனையும் மறுத்து, கன்னிமாடம் புகுந்து, அங்கே தலைவியும் ஆகி, மனம் நொந்து மாண்டு போகிறாள். அவள் செய்த குற்றம் யாது? பசித்தது ஒன்றே. அவளை விற்றவர்களும் வாங்கியவர்களும் யாராகவோ இருக்க, தண்டனை முழுவதையும் அவளே ஏற்கிறாள். கெடுத்தவன் மணம் புரிந்து பிள்ளை பெற்று வாழ, கெடுக்கப்பட்டவள் கிணற்றிலோ மடத்திலோ முடிவெய்தும் கதைகளை நம் மொழியிலும் நாம் ஏராளமாகப் படித்துக் கண்ணீர் விட்டிருக்கின்றோம். கண்ணீர் விட்டோமேயன்றி ஏன் என்று கேட்டோமில்லை. அவளைக் கைவிட வேண்டாம் என்று கடிதமெழுதிய சாதாரண வாசகர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஆசிரியரைக் காட்டிலும் தெளிந்த அறிவுடையோராய் இருந்தனர் என்பது நம் கருத்து. எத்தனையோ கடிதங்களைக் கேட்டுக் கதையை வளைத்த சூ, இதில் மட்டும் வளையவில்லை. ஏழைகளுக்கு வங்கி வைக்கத் துணிந்தவர், வீழ்த்தப்பட்ட பெண்ணுக்கு ஒரு கல்யாணம் செய்துவைக்கத் துணியவில்லை.

இன்னொரு குறையும் சொல்லத்தக்கது. மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று கூறும் சூ, அதற்குப் பதிலாகக் கொடிய குற்றவாளியின் கண்ணைக் குருடாக்கிவிடலாம் என்று யோசனை கூறினார். கதையிலும் ருடால்ப் ஒருவனுக்கு அவ்வாறே செய்விக்கிறான். இதனைச் சீர்திருத்தம் என்று எவ்வாறு சொல்வது? பழைய அரண்மனைக் கொடுமை புதிய சட்டை அணிந்து வந்தது, அவ்வளவே.

எனினும் கதை முடிந்த பிறகு நடந்தவற்றைப் பார்க்கும்போது, கடிதங்கள் வீண்போகவில்லை என்றே சொல்லத் தோன்றுகின்றது. சூவின் அடுத்த நாவலான 'அலையும் யூதன்' கதைக்கு 'லெ கான்ஸ்டிட்யூஷனல்' பத்திரிகை 100,000 பிராங்கு கொடுத்தது. சுமார் 3,600 ஆக இருந்த அதன் சந்தாதாரர் தொகை 20,000-ஐக் கடந்தது. இவ்வளவு பொருள் ஈட்டியவர் மீண்டும் குதிரைப் பந்தயத்திற்கே திரும்பியிருத்தல் கூடும். அவர் திரும்பவில்லை. 1848 பிப்ரவரிப் புரட்சியில் மன்னராட்சி வீழ்ந்து குடியரசு தோன்றிற்று. ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. 1850 ஏப்ரல் 28-இல் பாரிஸில் நடந்த இடைத்தேர்தலில் சூ இடதுசாரி வேட்பாளராக நின்று சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நேற்றுவரை கடிதம் எழுதியவர்கள் அன்று வாக்குச் சீட்டு எழுதினார்கள்.

செல்வர் கூட்டம் கலங்கிற்று. அதே ஆண்டு மே 31-இல் நிறைவேறிய ஒரு சட்டம் ஒரே ஊரில் மூன்றாண்டு நிலையாகக் குடியிருந்தவர்க்கே வாக்கு என்று விதித்து, வேலை தேடி இடம் மாறும் தொழிலாளர் முதலிய சுமார் 30 லட்சம் பேரின் வாக்குரிமையைப் பறித்தது. ஜூலை 16-இல் நிறைவேறிய பத்திரிகைச் சட்டத்தில் ரியான்சே என்பவர் ஒரு திருத்தம் நுழைத்தார்: தொடர்கதை தாங்கி வரும் பத்திரிகையின் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சாந்தீம் தனி முத்திரை வரி. அரசியல் கட்டுரைக்கு இல்லாத வரி கதைக்கு! கதை படித்து மூக்கைச் சிந்தும் வேலைக்காரியைப் பற்றிச் சர்க்கார் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்? அவள் மூக்கைச் சிந்துவதோடு நில்லாமல் யோசிக்கவும் தொடங்கிவிட்டாள் என்பதே காரணம்.

1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் திடீர்ப் புரட்சியால் ஆட்சியைக் கைப்பற்றியபோது சூ நாட்டை விட்டு வெளியேறி, அன்று பிரான்சைச் சேராத சவாய் நாட்டு அன்சி நகரில் தங்கினார். 1849 முதல் தவணை தவணையாக அவர் வெளியிட்டு வந்த 'ஜனங்களின் மர்மங்கள்' என்னும் பெருங்கதையில் மாறுவேட இளவரசன் இல்லை. ஓர் உழைப்பாளிக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆண்டைகளை எதிர்த்து நடத்தும் போரே கதை. வாசகர் கடிதங்கள் அவரை எங்கே கொண்டு வந்து நிறுத்தின என்பதை இந்த இரு தலைப்புகளின் வேற்றுமையே காட்டும். 1857 ஆகஸ்டு 3-இல் அன்சியிலேயே அவர் காலமானார். அடுத்த மாதம் பாரிஸ் நீதிமன்றம் அந்நூலைக் குற்றமுடையதென்று தீர்த்து அழிக்க உத்தரவிட்டது. வாதித்த அரசாங்க வழக்கறிஞர் எர்னஸ்ட் பினார். அதே ஆண்டில் பிளாபேரின் 'மதாம் போவாரி' மீதும் போதலேரின் கவிதைகள் மீதும் வழக்காடியவர் இவரே. 'வெள்ளை முயல்' இருந்த சந்தும் பிற்பாடு நகர அமைப்பில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

பாரிஸைத் தொடர்ந்து பெர்லின், மார்சேய், லிஸ்பன், நியூயார்க் என்று ஊருக்கு ஊர் மர்மங்கள் கிளம்பின. அவற்றில் நமக்குத் தொடர்புடையது லண்டன். 1844 அக்டோபரில் ஜார்ஜ் ரெய்னால்ட்ஸ் என்பவர் 'லண்டன் நகரத்து மர்மங்கள்' என்னும் கதையை வாரம் ஒரு பென்னிக்கு, எட்டுப் பக்கமும் ஒரு மரச்செதுக்குப் படமுமாக வெளியிடத் தொடங்கினார். வாரத்துக்குச் சுமார் 40,000 பிரதிகள் செலவாயின என்பர். பிணந்தோண்டி விற்கும் கொலைகாரனும், அரண்மனைக்குள் திருட்டுத்தனமாய் நுழையும் சிறுவனும் நடமாடும் அக்கதையின் நடுவே, ஒரு பட்டியலையும் அவர் அச்சிட்டார்: மகாராணிக்கு ஆண்டு வருமானம் 500,000 பவுன்; பிரபுவுக்கு 30,000; பெரிய குருவுக்கு 7,500; நடுத்தரத்தானுக்கு 300; உழைப்பாளிக்கு 20. கணக்கெழுதிப் பழகிய கண்ணுக்கு இந்த ஐந்து வரிகள் ஐந்நூறு பக்கத்துக்குச் சமானம்.

பாரிஸ் வாசகரின் கருத்து கடிதத்தில் எஞ்சியதென்றால், லண்டன் வாசகரின் கருத்து, ஹென்றி மேஹ்யூ என்னும் பத்திரிகையாளர் தெருத்தெருவாகச் சென்று விசாரித்து 1851-இல் வெளியிட்ட நூலில் எஞ்சியுள்ளது. தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் ஜனங்களில் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். கோடைக்கால மாலைகளில் முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, தெரிந்தவனைப் படிக்கச் செய்து கேட்பார்கள். அவர்கள் வாய் மூடிக் கேட்பவர்களல்லர். இந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன, இந்தப் படத்தில் இருப்பவள் யார் என்று இடைமறிப்பார்கள். பிரபுக்களின் காதல் லீலைகள் வரும்போது, இதெல்லாம் பணக்காரர் பழக்கம், நம்மிடம் இல்லை என்று கூவுவார்கள். போலீஸ்காரன் பேச்சு வந்தாலோ வசைமாரிதான். படிக்கத் தெரியாத ஒருவன் படத்தைக் கண்டு ஆசைப்பட்டுப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கி, அதன் பொருளைச் சொல்லும்படி வேறொருவனைத் தேடிப் போவதும் உண்டாம். ரெய்னால்ட்ஸ் அவர்களுக்கு மிக வேண்டியவர்; 1848 மார்ச் 6-இல் டிரபால்கர் சதுக்கத்தில் தடையை மீறிக் கூடிய கூட்டத்திற்கு அவர் தலைமை வகித்ததை அவர்கள் மறக்கவில்லை. அவர் 1850-இல் தொடங்கிய வாரப் பத்திரிகை, பெயரில் சில மாறுதல்களுடன், 1967 வரை நடந்தது.

இந்த ரெய்னால்ட்ஸின் நாவல்களே இந்தியாவுக்கு மூட்டை மூட்டையாக வந்து, வங்காளம், இந்தி, உருது முதலிய மொழிகளிற் பெயர்ந்தன. தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் அவற்றைத் தழுவிப் பல நாவல்கள் எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவ்வழியில் சென்று, கும்பகோணத்தையும் தஞ்சாவூரையும் கதைக்களம் ஆக்கினார். லண்டன் பிரபு ஜமீன்தார் ஆனார். சீமாட்டி மிராசுதார் மனைவி ஆனாள். இருட்டறையும் மாறுவேடமும் கள்ளக் கையெழுத்தும் அப்படியே வந்து சேர்ந்தன. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அவற்றை இரவு விளக்கில் விடிய விடியப் படித்தவர்கள் எண்ணற்றோர். ஆனால் நாம் படித்துப் பார்த்த அளவில், கடல் கடந்து வந்த அந்தப் பெட்டியில் ஒரு சாமான் மட்டும் வந்து சேரவில்லை. அந்த ஐந்து வரிப் பட்டியலைப் போன்றதொன்றை எந்தத் தமிழ் மர்ம நாவலிலும் நாம் கண்டிலோம்.